ஃபோன் நம் பார்வையை மாற்றுவதைத் தெருவில் கலையாகக் காட்ட முடியுமா?

வியாசர்பாடியில் செய்யலாமா, கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்திருக்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், வரையத் தெரிய வேண்டியதில்லை. திரை நம்மை என்ன செய்கிறது என்று காட்டினாலே போதும்.

கொரியாவில் பிறந்த கலைஞர் நாம் ஜூன் பைக் (Nam June Paik), 1974-ல் ஒரு புத்தர் சிலைக்கு எதிரே டிவியும் கேமராவும் வைத்தார். புத்தர் ஓயாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். செல்ஃபி காலத்துக்கு எவ்வளவோ முன்பே!

எனக்குப் பிடித்தது 1980-ல் கிட் கேலோவே, ஷெர்ரி ராபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் செய்தது. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் தெருவோரம் திரை வைத்து, சாட்டிலைட் வழியே இணைத்தார்கள். அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது. போகிற வருகிறவர்கள் மறுபக்கத்து ஊர்க்காரர்களை ஆளுயரத்தில் பார்த்துப் பேசினார்கள். மொத்தம் மூன்றே மாலைகள். கடைசி நாளில், பிரிந்திருந்த குடும்பங்களே சொல்லிவைத்து வந்து பார்த்துக்கொண்டன.

தன் முகம் தனக்குத் தெரியாதபடி வைத்ததுதான் சூட்சுமம். இன்று காசிமேட்டிலிருந்து துபாய்க்கு வீடியோ கால் போட்டால், அண்ணனிடம் பேசிக்கொண்டே மூலைக் கட்டத்தில் நம் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்கிறோம்.

உங்களுக்கு இரண்டு ப்ரொஜெக்டர், இரண்டு ஃபோன், நல்ல நெட் போதும். வியாசர்பாடியில் ஒரு சுவர், காசிமேட்டில் ஒரு சுவர். சுயமுகக் கட்டத்தை மறைத்துவிடுங்கள். ஸ்பீக்கரை மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே கூச்சல்தான்.