மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்கள் மாந்தோப்புக் காவலுக்கு நான்கு வயது நாட்டு நாய் இருக்கிறது. சோர்ந்து படுத்துவிட்டது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தத்தை அழிக்கிறது என்று சொல்லி மருத்துவர் பிரெட்னிசலோன் கொடுத்திருக்கிறார். மலத்தில் கொக்கிப்புழு முட்டையும் தெரிந்ததாம். "எல்லாம் பூச்சிதான், அந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூச்சி மருந்து கொடு" என்கிறார் என் பங்காளி. என்ன செய்யட்டும்?

பதில்: பிரெட்னிசலோனை நிறுத்தாதீர்கள். ரத்தத்தை அழிக்கும் அந்த எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அது. இடையில் திடீரென விட்டால் சிவப்பணுக்கள் மறுபடி வேகமாக அழியும். நாயைக் காப்பாற்றுவது கடினமாகிவிடும். அளவை மருத்துவர்தான் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதுவரை இந்த மாத்திரையால் நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும். பயப்படாதீர்கள்.

பங்காளி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும்; குட்டிகளைக் கொன்றேவிடும். ஆனால் புழுவால் இழக்கும் ரத்தம் மலத்தோடு, தார் போலக் கறுத்து வெளியேறும். அதனால் சிறுநீர் காப்பி நிறமாகாது. நாயின் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். வெறும் வெளுப்பென்றால் ரத்தம் குறைந்திருக்கிறது. வெளுப்போடு மஞ்சளும் ஓடினால், ரத்தம் உடலுக்குள்ளேயே உடைவதாகச் சந்தேகிக்க வேண்டும். கண்ணின் வெள்ளையிலும் அந்த மஞ்சள் தெரியும்.

மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தாயிற்றா? உண்ணி பரப்பும் பபீசியா கிருமியும் சிவப்பணுவை உடைக்கும், எதிர்ப்பு சக்தியையும் தூண்டிவிடும். அது இருந்தால் அதற்கென்று தனி மருந்து வேண்டும். பிரெட்னிசலோன் மட்டும் போதாது. தோட்டத்து வீட்டுச் சுவர் வெடிப்புகளிலும் உண்ணி ஒளிந்திருக்கும். நாயின் காது மடிப்பையும் விரலிடுக்கையும் தினமும் தடவிப் பாருங்கள்.

புழு மருந்தையும் கூடவே கொடுக்கலாம். ஃபென்பெண்டசோல் என்றால் வழக்கமாக மூன்று நாள். எடை பார்த்து மருத்துவரே அளவு சொல்லட்டும். ஆட்டுக்கு வாங்கி வைத்ததைக் கணக்கில்லாமல் ஊற்றாதீர்கள். தசையில் உறங்கும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வரக்கூடும் என்பதால், சில வாரங்கள் கழித்து மலத்தை மறுபடி சோதியுங்கள்.

மலம் இப்போது கறுத்தால் புழு என்றே முடிவு கட்டிவிடாதீர்கள். பிரெட்னிசலோனால் வயிற்றில் புண் வந்தும் கறுக்கலாம். மூச்சு திடீரென வாங்கினால் நுரையீரலில் ரத்தம் உறைந்திருக்கலாம். ரத்தம் உடையும் இந்த நோயில் பல நாய்களைப் பலிகொள்வது இதுதான். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே வண்டி பிடியுங்கள்.

மாமரத்தடியில் சொட்டுநீர் கசியும் ஈர நிழலில்தான் கொக்கிப்புழு முட்டை பொரியும். இளம்புழு வெறுங்கால் தோலைத் துளைத்து நுழையும். மனிதருக்கு அரிப்போடு நெளிநெளியாகத் தடிப்பு வரும். நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். மாங்காய் பொறுக்கும் பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொள்ளட்டும்.