கொல்லையில் ஒரு நடுகல்

கேள்வி: எங்கள் கொல்லையில் வில் பிடித்த வீரன் செதுக்கிய கல் ஒன்றும், சற்றுத் தள்ளி வட்டமாகப் பதிந்த பெரிய கற்களும் இருக்கின்றன. ஏர் ஓட்ட இடைஞ்சல் என்று, மல்லாட்டை (வேர்க்கடலை) விதைக்கும் முன் ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் வரப்போரம் தள்ளப் பார்க்கிறார் அப்பா. தொல்லியல் துறைக்குச் சொன்னால் நிலம் போய்விடும் என்ற பயமும் அவருக்கு. என்ன செய்யலாம்?
- வாசகர், தண்டராம்பட்டு

பதில்: தம்பி, முதலில் ஜேசிபியை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வட்டக்கற்களுக்கு நடுவே, மண்ணுக்கடியில், பெருங்கற்கால ஈமக்குழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த குழி, இருக்க வாய்ப்பு அதிகம். கற்களைப் பெயர்த்தால் மண்ணடுக்கு கலைந்துபோகும். பக்கத்து மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பு புழங்கிய காலம் கிமு 2172 என்று 2022இல் சொல்ல முடிந்ததே, காலத்தைக் கணிக்க உதவிய கரித்துண்டு கிடந்த அடுக்கு கலையாமல் இருந்ததால்தான்.

வீரன் கல்லையும் லேசாக நினைக்காதீர்கள். உங்கள் பக்கத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதை அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பேர் 1,400 ஆண்டு நிற்கிறது! உங்கள் கல்லிலும் எழுத்து இருக்கலாம்.

அப்பா விவசாயத்தை விட வேண்டியதில்லை. வட்டத்தைச் சுற்றி நாலு தப்படி விட்டு உழட்டும். உள்ளே கலப்பை இறங்கவே வேண்டாம். வேம்பு முளைத்தால் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள், வேர் கல்லையும் சேர்த்துத் தூக்கும். செத்தையைக் கல்லோரம் கொளுத்தாதீர்கள், சூட்டில் கல் செதில் செதிலாக உரியும். வேடியப்பன் என்று கும்பிடுகிறவர்களாக இருந்தால் தாராளமாகக் கும்பிடுங்கள், பூ வையுங்கள். எண்ணெய் அபிஷேகம், எனாமல் பெயிண்ட், சிமெண்ட் மேடை மட்டும் வேண்டாம். பக்தியோடு பூசிய பெயிண்டுக்கு அடியில் எழுத்து மறைந்துபோன கற்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

நிலம் பற்றிய பயத்துக்கு வருவோம். தகவல் சொன்னதற்காக நிலத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவிப்பதற்கு முன் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் உண்டு. அறிவித்த பிறகும், ஓரடிக்கு மேல் தோண்டாத சாகுபடிக்குத் தடையில்லை. ஆனால் கிணறு வெட்ட, வீடு கட்ட அனுமதி கேட்க வேண்டிவரும். இதை அப்பாவிடம் மறைக்காதீர்கள். கீழடியில் தென்னந்தோப்புகளில்தான் தோண்டினார்கள், பிறகு பல குழிகளை மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், உழும்போது காசோ பானையோ தட்டுப்பட்டால் அப்படியே நிறுத்தி விஏஓவிடம் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கல்லைப் படம் எடுங்கள், எழுத்து துலங்கும். சாக்பீஸ் போட்டுத் தேய்க்க வேண்டாம். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு படம், எனக்கு ஒரு படம். எழுத்து தெரிந்தால் படித்துச் சொல்கிறேன்.