ஸ்லோவாக்கியா வேலை, காகிதத்தில் 'ஸ்லோவென்ஸ்கி': நாடு மாறிவிட்டதா?

கேள்வி: என் மகனுக்கு ஸ்லோவாக்கியாவில், நித்ரா என்ற ஊரில் கார் தொழிற்சாலை வேலை என்கிறார் ஏஜென்ட். டிகிரி சான்றிதழை மொழிபெயர்க்க இருபதாயிரம் வாங்கினார். வந்த காகிதத்தில் 'ஸ்லோவென்ஸ்கி' என்று இருக்கிறது. கேட்டால், "எல்லாம் ஒரே ஸ்லாவ் பாஷைதான், எங்கேயும் செல்லும்" என்கிறார். ஸ்லோவேனியாவுக்கு அனுப்பப் பார்க்கிறாரோ?

பதில்: அந்த வார்த்தையால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஏஜென்ட் சொன்ன பதில்தான் எனக்கு உதைக்கிறது.

ஸ்லோவாக்கியாக்காரர்கள் தங்கள் நாட்டையே 'ஸ்லோவென்ஸ்கோ' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மொழி 'ஸ்லோவென்சினா'. ஸ்லோவேனியாவின் மொழி 'ஸ்லோவென்ஷ்சினா'. நடுவே ஒரு 'ஷ்' தான் வித்தியாசம். இரண்டு நாட்டிலும் அந்நாட்டுப் பெண்ணுக்கு ஒரே பெயர்: ஸ்லோவென்கா. கிழக்கு ஐரோப்பாவில் பரவிய பழைய ஸ்லாவ் மக்கள் தங்களை 'ஸ்லோவேனே' என்று சொல்லிக்கொண்டார்கள். 'ஸ்லோவோ' என்றால் சொல். நம் பேச்சு பேசுகிறவர்கள் என்று அர்த்தம் என்பார்கள். பேச்சு புரியாத ஜெர்மானியருக்கு ஊமை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள், அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 'ஸ்லோவேனே' என்ற பழைய பெயரை இந்த இரு நாட்டாரும் விடவில்லை. போதாததற்குக் குரோஷியாவின் கிழக்கே ஸ்லவோனியா என்றொரு பகுதி வேறு. ஆனால் 1991-இல் யுகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது ஸ்லோவேனியா. 1993-இல் செக்கோஸ்லோவாக்கியா இரண்டானபோது பிறந்தது ஸ்லோவாக்கியா. நித்ரா இருப்பது ஸ்லோவாக்கியாவில்.

இப்போது காகிதத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மொழி தெரிய வேண்டாம். ஆங்கில ஏ (a), ஐ (i) எழுத்துகளின் மேல் சாய்ந்த கோடு, ஓ மேல் கூரை இருந்தால் ஸ்லோவாக். சி, எஸ், இசட் தலையில் மட்டும் சின்னக் கொக்கி, வேறெதுவும் இல்லையென்றால் ஸ்லோவேனிய மொழி. அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஸ்லோவாக்காகவே இருந்தாலும் யார் மொழிபெயர்த்தது என்று பாருங்கள். ஸ்லோவாக்கியா ஏற்பது அந்நாட்டு நீதி அமைச்சகப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரின் முத்திரையை. ஏதோ ஒரு 'ஐரோப்பிய மொழி மையத்தின்' ரப்பர் ஸ்டாம்பை அல்ல. 'ஸ்லாவ் மொழி' என்று எந்த அலுவலகத்திலும் ஒரு மொழி கிடையாது. அப்படிச் சொல்லி விற்கிறவர்களை நான் வாரத்துக்கு ஒருவராகப் பார்க்கிறேன்.

ஒரே விதிவிலக்கு செக் மொழி. செக் மொழியில் உள்ள ஆவணத்தை ஸ்லோவாக்கிய அலுவலகங்கள் மொழிபெயர்க்காமலே ஏற்கும். இரண்டும் அவ்வளவு நெருக்கம், ஒரு காலத்தில் ஒரே நாடு. இதைப் பிடித்துக்கொண்டுதான் "பார்த்தீர்களா, எல்லாம் ஒன்றுதான்" என்று கதை கட்டுகிறார்கள். செக்குக்குக் கிடைக்கும் சலுகை ஸ்லோவேனியத்துக்குக் கிடையாது, போலிஷுக்கும் கிடையாது. உங்கள் மகனின் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கும், ஆகவே உங்களுக்கு இந்தச் சலுகையே பொருந்தாது. செக்கில் மலிவாகச் செய்துதருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்ட, ஆவணம் உண்மை என்று நம் அரசு போடும் சான்று) வாங்கிய பிறகுதான் மொழிபெயர்க்க வேண்டும். அந்த முத்திரையும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். ஒரு டிகிரி உண்மை என்று சொல்ல மாநிலத்தில் ஒரு கையெழுத்து, வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு கையெழுத்து. பல்கலைக்கழகம் போட்டது போதாதாம்! இந்த அலைச்சலில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார்.

இரு நாட்டுக்கும் டெல்லியில் தனித்தனித் தூதரகங்கள். ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் எழுதி, ஸ்லோவாக்கியத் தூதரகத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். விசா வந்ததும் நாட்டுக் குறியைப் பாருங்கள்: எஸ்.வி.கே. என்றால் ஸ்லோவாக்கியா, எஸ்.வி.என். என்றால் ஸ்லோவேனியா. அதுவரை ஏஜென்ட்டுக்கு அடுத்த தவணை கொடுக்காதீர்கள்.