சொல் கேளீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்க மலரில் 'ஏரியைப் புத்துயிர் ஊட்டினோம்' என்று எழுதினேன். அது பிழை, 'உயிர்ப்பித்தோம்' என்று மாற்றுங்கள் என்கிறார் ஒருவர். இங்குள்ள கன்னடப் பலகைகளில் 'புனஶ்சேதன' என்று போடுகிறார்கள். தமிழில் எது சரி?
(வாசகி, அல்சூர், பெங்களூரு)

பதில்: சொல் சரி, வேற்றுமை உருபுதான் பிழை. 'உண்' என்பதன் பிறவினை (பிறரை உண்ணச் செய்வது) 'ஊட்டு'. ஊட்டப்படும் பொருள் இரண்டாம் வேற்றுமையிலும் ('ஐ', மறைந்தும் வரலாம்), அதைப் பெறுபவர் நான்காம் வேற்றுமையிலும் ('கு') வர வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம். ஏரிக்குப் புத்துயிர் ஊட்டுகிறோம். 'ஏரி புத்துயிர் ஊட்டப்பட்டது' என்று செய்தித்தாள்களே பிழையாக எழுதுகின்றன. 'ஏரிக்கு' என்று திருத்துங்கள், 'ப்' மிகும். ஏரியே எழுவாயாக வேண்டுமானால் 'ஏரி புத்துயிர் பெற்றது'. 'மீண்டும் புத்துயிர்' வேண்டாம். புதுமை + உயிர்தானே புத்துயிர்? ஈறு போய், தகரம் இரட்டித்துப் புணர்ந்திருக்கிறது.

'ஏரியை உயிர்ப்பித்தோம்' என்பதிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் செத்ததை எழுப்பிய தொனி அதில் உண்டு. வறண்டு மைதானமாகிக் கிடந்த ஏரி என்றால் பொருந்தும். 'பி'யை மட்டும் விட்டுவிடாதீர்கள்: 'உயிர்த்தல்' பழைய வழக்கில் மூச்சு விடுதல். நெட்டுயிர்த்தாள் என்றால் பெருமூச்சு விட்டாள்.

இன்னொன்று. ஆகாயத்தாமரையை அள்ளியதோடு வேலை முடிந்திருந்தால் 'சுத்தம் செய்தோம்' போதும். மண்ணை எடுத்திருந்தால் 'தூர்வாரினோம்'. சாக்கடை வரத்தை அடைத்து, மழைநீர்க் கால்வாயைத் திறந்து, நீர் தங்கும்படி செய்த பிறகு 'புத்துயிர்' என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: குணப்படுத்தினார் என்ற பொருளில் 'மருத்துவர் அப்பாவைத் தேற்றினார்' என்று எழுதலாமா?
(வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு)

பதில்: ஆறுதல் சொன்னார் என்றே படிப்பார்கள். 'அப்பா உடம்பு தேறிவிட்டது' என்று தன்வினையில் எழுதுங்கள். பிறவினைதான் வேண்டுமென்றால் 'உடம்பைத் தேற்றினார்' என்று உடம்பைச் சேர்த்துவிட்டால் குழப்பமில்லை. கலங்கல் தெளிவதும் தேறுதலே. பானையின் உட்புறத்தில் தேய்த்துத் தண்ணீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் இந்த வினைதான் இருக்கிறது.

கேள்வி: தளிர்த்தல், துளிர்த்தல் வேறு வேறா?
(அதே வாசகர்)

பதில்: பொருள் ஒன்றே. 'உறுதோறு உயிர்தளிர்ப்பத் தீண்டலால்' என்பது குறள் 1106. வாடிய உயிர் தழைப்பதைச் சொல்கிறது. இன்றைய பேச்சில் வெட்டிய மரமும் நம்பிக்கையும் பெரும்பாலும் துளிர்க்கத்தான் செய்கின்றன.