வங்கி போட்ட மதிப்பு குறைந்தால் வீட்டை வாங்கலாமா?

கேள்வி: தாம்பரத்தில் 15 ஆண்டுகள் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை 68 லட்சம் ரூபாய்க்குப் பேசி, 3 லட்சம் முன்பணமும் கொடுத்துவிட்டேன். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, 60 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டார். "அதெல்லாம் வெறும் சடங்கு, கடன் வந்துவிடும்" என்கிறார் விற்பவர். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாந்துவிட்டதாக இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் அது சடங்கு என்பதை நம்பாதீர்கள். பேசிய விலை, மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கடன் தருகிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். 68 லட்சத்துக்கு 54 லட்சத்து 40 ஆயிரம் கிடைக்கும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். 60 லட்சத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் 48 லட்சம்தான். பத்திரச் செலவையும் மறந்துவிடாதீர்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், அதாவது ஏறத்தாழ 6 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய். இதற்கு வங்கி கடன் கணக்கில் இடமில்லை. ஆக, கையிலிருந்து போட வேண்டிய தொகை சுமார் 19 லட்சத்து 72 ஆயிரத்திலிருந்து 26 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன பார்த்தார்? கதவு எண்ணும் நான்கெல்லையும் பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா, கட்டியிருப்பது அனுமதி பெற்ற வரைபடத்தின்படிதானா, கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிகிறதா, தெரு எத்தனை அடி அகலம், மழைநீர் தேங்குமா என்றெல்லாம் பார்ப்பார். சமையலறையைப் பார்த்து நீங்கள் மயங்குவதுபோல் அவர் மயங்கமாட்டார். பிறகு கணக்கு. உங்கள் வீட்டுக்குச் சேர வேண்டிய பிரிபடாத நிலப் பங்கு (அடுக்குமாடி நிற்கும் மொத்த நிலத்தில் உங்களுக்கு உரிய பகுதி) 450 சதுர அடி, அந்தப் பகுதியில் நிலம் சதுர அடி 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு 40.5 லட்சம். 1,000 சதுர அடிக் கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட 25 லட்சம் ஆகும் என்றால், ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் பொருள்களின் மதிப்பு 10 சதவீதம் என்று கொண்டு, 15 ஆண்டு கழிந்ததற்குத் தேய்மானம் போக 19.4 லட்சம் நிற்கும். மொத்தம் 59.9 லட்சம். நிலம்தான் விலை ஏறுகிறது, கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அதனால்தான் பழைய அடுக்குமாடியில் நிலப் பங்கு எவ்வளவு என்பதை முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்கிறேன். பரப்பளவைச் சொல்லும்போது மாடிப்படி, லிப்ட் இடங்களையும் சேர்த்துச் சொல்லி விற்பது இன்னும் நடக்கிறது. அதையும் சரிபாருங்கள்.

மதிப்புப் போட இன்னொரு வழி, அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையோடு ஒப்பிடுவது. இதில்தான் நம் ஊரின் பெரிய சிக்கல் இருக்கிறது. உண்மையில் 65 லட்சத்துக்குக் கைமாறிய வீடு, பத்திரத்தில் 45 லட்சம் என்று பதிவாகியிருக்கும். மதிப்பீட்டாளரின் கையில் ஆதாரமாக இருப்பது பத்திரத்தில் உள்ள எண்தான். பக்கத்து வீட்டுக்காரர் மறைத்த பணத்தின் விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். அதே கட்டடத்தில் விற்ற வீடுகளின் கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதிய விலை) அதில் தெரியும். 60 லட்சத்துக்கு மேல் உண்மையாகப் பதிவானவை இருந்தால், அந்தப் பத்திரங்களின் நகலோடு மறுமதிப்பீடு கேட்டு வங்கி மேலாளருக்கு எழுதுங்கள். இல்லையென்றால், அந்த அறிக்கையைக் காட்டி விற்பவரிடம் விலையைக் குறைக்கப் பேசுங்கள். எந்த வங்கிக்குப் போகும் அடுத்தவருக்கும் இதே தடை வரக்கூடும் என்பது அவருக்கும் புரியும். முன்பணம் திரும்புமா என்பது உங்கள் கிரய ஒப்பந்தத்தைப் பொறுத்தது. "வங்கிக் கடன் எதிர்பார்த்த அளவு கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசகர்கள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: நான் 65 லட்சத்துக்குப் பேசியிருக்கும் வீட்டுக்கு வழிகாட்டி மதிப்பு 45 லட்சம்தான், அதற்கே பதிவு செய்துவிட்டு மீதி 20 லட்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார் விற்பவர். பத்திரச் செலவு மிச்சமாகுமே?

பதில்: கொடுக்காதீர்கள். வழிகாட்டி மதிப்பு என்பது தீர்வை வசூலிக்க அரசு தெருவாரியாக வைத்திருக்கும் எண். சந்தை விலை வேறு, வங்கி மதிப்பீடு வேறு. மூன்றும் ஒன்றாக இருப்பது அரிது. பத்திரத்தில் 45 லட்சம் என்று போட்டால், வங்கி அதையே அடிப்படையாகக் கொண்டு 36 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் 20 லட்சம் ரொக்கத்துக்கு வழி தேடி அலைவீர்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 45 லட்சம் என்றே கணக்காகும், ஆதாய வரி உங்கள் தலையில் விழும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். ரொக்கத்தைப் பெற்றுக்கொண்ட விற்பவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம். இதை அவரிடமே சொல்லுங்கள், பேச்சு மாறும்.

தலைகீழாக, பேசிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரி வரலாம். பதிவுக்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: மதுரையில் நான் பார்த்திருக்கும் தனி வீட்டின் மாடிக்கு வரைபட அனுமதி இல்லை. மதிப்பீட்டாளர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சரியா?

பதில்: சரி. அனுமதியில்லாத பகுதியை வங்கிகள் பொதுவாக மதிப்பில் சேர்ப்பதில்லை. விதிமீறல் பெரிதாக இருந்தால் கடனே மறுக்கப்படலாம். நீங்களும் அந்த மாடிக்குக் காசு கொடுக்காதீர்கள். வாடகை வருகிறதே என்று விற்பவர் சொல்வார். உள்ளாட்சி அமைப்பின் நோட்டீஸ் வந்தால் அதைக் கையில் வாங்கப்போவது நீங்கள்.

கேள்வி: மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்கலாமா?

பதில்: கட்டணம் உங்களிடமிருந்துதான் போகிறது, எழுத்தில் கேளுங்கள். சில வங்கிகள் தருகின்றன, சில மறுக்கின்றன. மறுத்தால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நீங்களே அமர்த்திக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அமர்த்தினால் இன்னும் நல்லது. வங்கிக்காரர் தன் கடன் திரும்புமா என்று பார்ப்பார், நீங்கள் அமர்த்துபவர் உங்கள் காசுக்கு வீடு பெறுமா என்று பார்ப்பார். நகல் கிடைத்தால் சர்வே எண், பரப்பளவு, நான்கெல்லை மூன்றையும் மூலப் பத்திரத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் கடன் தொகை கைக்கு வருவதற்குள் திருத்தி வாங்கிவிடுங்கள்.