‘இன்றும் இல்லை’

அண்ணனுக்கு வணக்கம்.

காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். வயது 41. இருபது வருடமாக சிகரெட், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர், நான், மூன்று பேரும் ஒரே டீக்கடையில் பல வருடம் சேர்ந்து ஊதியவர்கள். சேர்ந்தே விடுவோம் என்று ஆடி ஒன்றாம் தேதி நிறுத்தினோம். ஆடியில் எதையும் தொடங்கக்கூடாதே என்று ஆட்டோ அண்ணன் வீட்டில் சொன்னார்களாம், ‘தொடங்கலத்தா, நிறுத்துறோம்’ என்றாராம்.

தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸப்பில் ‘இன்றும் இல்லை’ என்று மூன்று பேரும் போட வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். பதினேழு நாள் உண்மையாகவே போட்டேன். ஆடிப்பெருக்கு அன்று தேவகோட்டையில் ஒரு கேதம். தெருமுனையில் ஆம்பிளைகள் நின்றுகொண்டிருந்த இடத்தில் ஒருவர் பெட்டியை நீட்டினார், கை தானாகப் போய்விட்டது. அன்று ராத்திரியும் ‘இன்றும் இல்லை’ என்றே போட்டேன். அப்புறம் ஆடி 21ல் ஒன்று, நேற்று ஒன்று. மொத்தம் மூன்று. இன்று ஆடி 24.

இதைச் சொன்னால் அவர்கள் மனசு விட்டுப்போவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆட்டோ அண்ணனுக்கு 52 வயது. ‘இனிமே விட்டு என்னாகப்போகுது’ என்று ஆரம்பத்திலிருந்தே சொல்பவர், ‘தம்பி தாங்குறான், அதைப் பாத்துத்தான் நானும் தாங்குறேன்’ என்கிறார். சொல்லாமலே நான் சரியாகிவிடலாமா? இல்லை, சொல்லிவிட்டு ஒன்றாம் நாளிலிருந்து எண்ண வேண்டுமா?

அன்புடன்,
க. (பெயரைப் போட வேண்டாம் அண்ணே)

*

அன்புள்ள க.,

சொல்லிவிடுங்கள். இதைத்தான் சொல்லப்போகிறேன் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், தெரியாமலா எனக்கு எழுதினீர்கள். ஆனால் நேர்மை, மனசாட்சி என்றெல்லாம் நான் ஆரம்பிக்கப்போவதில்லை. உங்கள் பயம் தலைகீழாக இருக்கிறது, அதை மட்டும் பேசுவோம். நீங்கள் மூன்று சிகரெட் பிடித்தது தெரிந்தால் அவர்கள் உடைந்துபோவார்கள் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் தினமும் போடும் ‘இன்றும் இல்லை’தான் அவர்களை உடைத்துக்கொண்டிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

எப்படித் தெரியும் என்றால், நானே ஒருவரை அப்படி உடைத்திருக்கிறேன். 2009ல் புதுக்கோட்டையில் வேலை பார்த்தபோது தினமும் சாப்பிட்ட மெஸ்ஸில் ஒரு சமையல் மாஸ்டர், உங்கள் பக்கத்துக்காரர்தான். அவருக்கு பீடி, எனக்கு சிகரெட். இரண்டு பேரும் ஒரே நாளில் நிறுத்தினோம். ராத்திரி கடையைக் கழுவிவிட்டுக் கூப்பிடுவார். எனக்கு ஒன்பதாம் நாளே போய்விட்டது. ஒன்று இரண்டாகி, பிறகு தினம் நான்கு. ஆனால் போனில் மட்டும் நான் உத்தமன். அவர் உண்மையாகவே தாங்கிக்கொண்டிருந்தார், தூக்கம் இல்லை, வாயெல்லாம் புண், அடுப்படியில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். ‘உங்களுக்குத் தூக்கம் வருதா சார்?’ என்று ஒரு நாள் கேட்டார். ‘நல்லா வருதே’ என்றேன். வராமல் என்ன, நாலு சிகரெட் பிடித்துவிட்டுப் படுப்பவனுக்கு. நாற்பதாம் நாள் அவர் மறுபடி பீடியை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு என்னிடம் மன்னிப்பு மாதிரி ஒன்று கேட்டார் பாருங்கள், ‘நம்ம உடம்பு வேற மாதிரி போல சார், உங்களுக்கெல்லாம் முடியுது.’

அந்த வாய்ப்புண்ணும் தூக்கமின்மையும் எரிச்சலும் விடுகிற எவருக்கும் வரக்கூடியவை. முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஆசை மட்டும் அதற்குப் பிறகும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். இருமல்கூட விட்ட புதிதில் கொஞ்சம் கூடலாம். ‘எனக்கும் அப்படித்தான் இருக்கு மாஸ்டர்’ என்று யாராவது சொல்லியிருந்தால் அவருக்குப் போதும். சொல்ல வேண்டிய ஆள் நான். நான் அந்த அவஸ்தைக்கு உள்ளேயே இல்லை. என் பொய்யைப் பார்த்து அவர் தன்னை அளந்துகொண்டார்.

உங்கள் டைல்ஸ்காரரும் ஆட்டோ அண்ணனும் இப்போது உங்களைப் பார்த்துத் தங்களை அளந்துகொண்டிருக்கிறார்கள். அல்லது, இதுவும் நடக்கக்கூடியதுதான், மூன்று பேருமே ராத்திரி ஒன்பதரைக்கு ஒரே பொய்யைப் போட்டுவிட்டு மற்ற இருவரையும் நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு படுக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள்.

சேர்ந்து விடுவது என்கிற உங்கள் யோசனை அருமையானது, அதில் சந்தேகமே வேண்டாம். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்கிற ஊரை மையமாக வைத்து நடந்த பெரிய இதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் 1971 முதல் 2003 வரையிலான விவரங்களை எடுத்து, யார் யாருக்கு நண்பர், உறவு, கூட வேலை பார்ப்பவர் என்று கோடு போட்டுப் பார்த்தார்கள் கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்கிற இருவர். 2008ல் வெளிவந்தது. சிகரெட்டை விட்டவர்கள் ஆங்காங்கே தனித்தனியாக விடவில்லை, கொத்துக் கொத்தாக விட்டிருக்கிறார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது, நண்பர் விட்டால் 36 சதவீதம். ஆக, உங்கள் டீக்கடைக் கூட்டணிக்கு உண்மையிலேயே பலம் உண்டு.

ஆராய்ச்சியே வேண்டாம், நம் ஊரில் மாலை போட்டவர்களைப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி ஊதுகிறவர் சபரிமலைக்கு மாலை போட்டதும் அத்தனை நாளும் தொடாமல் இருக்கிறார். இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே பற்றவைக்கிறார். பக்தி ஒரு மண்டலத்தோடு தீர்ந்துவிட்டதா என்ன? மாலை கழுத்தில் இருக்கும்வரை டீக்கடைக்காரர் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார், ஒருவரும் பெட்டியை நீட்டுவதில்லை, வீட்டில் எரிச்சலைப் பொறுத்துக்கொள்கிறார்கள், கூட நான்கு சாமிகள் அதே அவஸ்தையில் இருக்கிறார்கள். ஊர் மொத்தமும் தெரிந்து உதவுகிறது. கழற்றினால் அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. உங்கள் மூன்று பேரின் ஒப்பந்தம் கண்ணுக்குத் தெரியாத மாலை. அதில் உள்ள ஒரே கோளாறு, கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாலும் யாருக்கும் தெரியாது.

‘இன்றும் இல்லை’ என்கிற வாசகமே எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்தவன் மட்டும் போடக்கூடிய செய்தி அது. தோற்ற நாளில் போடுவதற்கு உங்களிடம் வாசகமே இல்லை, பொய்யைத் தவிர. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், நானும் இரண்டு தடவை நடந்திருக்கிறேன். சிங்கம்புணரி தாண்டுவதற்குள் காலில் கொப்புளம் வந்துவிடும். வந்ததும் சொன்னவனை உட்காரவைத்து ஊசியும் நூலும் தேடுவார்கள், பையை ஒருவர் வாங்கிக்கொள்வார், அவன் மறுபடி நடப்பான். கௌரவம் பார்த்துச் செருப்புக்குள் மறைத்துக்கொண்டு நொண்டுகிறவன்தான் நத்தத்தில் பஸ் ஏறுவான்.

அதனால் வாசகத்தை மாற்றுங்கள். ராத்திரி ஒரு எண் மட்டும் போடுங்கள். பூஜ்யம், ஒன்று, இரண்டு, எதுவானாலும். யாராவது ஒன்று என்று போட்டால் மற்றவர்கள் ‘ஏன்?’ என்று கேட்கக்கூடாது. ஏன் என்று கேட்டால் மனுஷன் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவான், வீட்டில் சண்டை, வியாபாரம் சரியில்லை என்று. ‘எங்கே? யார்கூட?’ என்று கேட்டால் உபயோகமாக ஏதாவது கிடைக்கும். உங்களுக்குக் கேத வீட்டுத் தெருமுனை. அப்படியானால் அடுத்த கேதத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், அல்லது போய் நின்றதும் ஆட்டோ அண்ணனுக்கு போன் போடுங்கள். நாக்கு தவிக்கிற அந்த வேகம் சில நிமிஷம்தான் தாங்கும், அதைப் பேசியே கடத்திவிடலாம். வியாபாரம், மழை, எது வேண்டுமானாலும் பேசுங்கள். காலையில் சூரியன் படம் போட்டுத் தன்னம்பிக்கை வாசகம் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதைப் பார்த்து நான் பற்றவைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். பழைய கணக்குப்படி இந்த 23 நாளில் உங்களுக்கு 276 சிகரெட். பிடித்தது மூன்று. மீதி 273 உள்ளே போகவில்லை, அதை எதற்கு அழிக்க வேண்டும்? ஆனால் இதில் மயங்கிவிடவும் வேண்டாம். 18, 21, 23 என்று தேதியைப் பாருங்கள், இடைவெளி மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாகியிருக்கிறது. என் நான்கும் இப்படித்தான் வந்து சேர்ந்தது. அதனால்தான் அவசரமாகச் சொல்லச் சொல்கிறேன்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். டீயைக் குறையுங்கள். சிகரெட் பிடிக்கும்போது உடம்பு காஃபினை வேகமாகக் கரைத்துவிடும், விட்ட பிறகு அதே டீ ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும், படபடப்பும் தூக்கமின்மையும் பாதி அதனால்கூட இருக்கலாம். அந்த டீக்கடையையும் கொஞ்ச நாள் மாற்றிப் பார்க்கலாம், நூலில் கட்டிய லைட்டர் மூக்குக்கு நேரே தொங்கினால் எந்தச் சாமிக்கும் கஷ்டம். நிகோட்டின் சூயிங்கம் முயற்சி செய்வதென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். பலபேர் அதை சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்கிவிட்டு விக்கல், நெஞ்செரிச்சல் என்று தூக்கிப்போடுகிறார்கள். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தட்டியதும் வெற்றிலையை ஒதுக்குவது போலக் கடைவாயில் ஒதுக்கிவிட வேண்டும், கன்னத்துச் சதை வழியாகத்தான் மருந்து ஏறும். டீ குடித்த கையோடு போட்டால் சரியாக ஏறாது. மூன்று பேருக்கும் மேலே ஓர் ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பெட்டியிலேயே அச்சடிக்கிறார்கள். தமிழிலும் பேசலாம். இருபது வருடமாகப் பெட்டியை வாங்குகிறோம், ஒருநாளாவது படித்தோமா.

ஆட்டோ அண்ணனிடம் ஒரு கணக்குச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 1951ல் தொடங்கி ஐம்பது வருடம் டாக்டர்களையே பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஐம்பது வயதில் விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட ஏறத்தாழ ஆறு வருடம் ஆயுள் கூடியிருந்தது. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது. அறுபதில் விட்டவர்களுக்கே மூன்று. 52க்கு என்ன வரும் என்று அவரே மீட்டர் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

மாஸ்டரிடம் 2011ல்தான் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுத முடியாத ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் ‘அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு பேருமா சேந்து திருட்டு தம் அடிச்சிட்டு, சேந்தே விட்டிருப்போமே சார்’ என்றார். அடுத்த தையில் மறுபடி நிறுத்தினோம். இந்தத் தடவை இருவருக்கும் இடையில் நிறைய ஒன்றுகளும் இரண்டுகளும் வந்தன, இரண்டு பேரும் சொன்னோம், சித்திரைக்கு அப்புறம் வரவில்லை.

இன்று ராத்திரி ஒன்பதரைக்குக் குழுவில் எதையும் போடாதீர்கள். எழுத்தில் உங்களுக்குப் பொய் சரளமாக வருகிறது, எனக்கும் வந்தது. போன் பண்ணுங்கள், முதலில் டைல்ஸ்காரருக்கு. உங்கள் கடிதம் முழுக்க ஆட்டோ அண்ணனைப் பற்றித்தான் கவலை இருக்கிறது, டைல்ஸ்காரர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.