பொத்தான் பழகினால் போதுமா?

வணக்கம் ஐயா. இயந்திரப் பாகங்கள் கடையும் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். புதியவர்களுக்கு முதல் மாதம் அரம் பிடிக்கவும் மைக்ரோமீட்டரில் அளக்கவும் கற்றுத்தருகிறோம். ‘எல்லாம் சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) ஆகிவிட்டது, இரண்டு வாரம் பொத்தான்களைப் பழக்கி மெஷினில் நிறுத்துங்கள்’ என்கிறது நிர்வாகம். உங்கள் கருத்து?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அரம் பிடிக்கும் நாட்களை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். அளக்கும் பயிற்சியில் ஒரு நாளைக்கூட விட்டுக்கொடுக்காதீர்கள்.

100 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஜாப் (கடைகிற பாகம்) ஒன்றைக் கடைந்த சூட்டோடு எடுத்து அளக்கிறார் புதியவர். மைக்ரோமீட்டர் 100.02 காட்டுகிறது. உடனே ஆஃப்செட்டில், அதாவது மெஷின் கடையும் அளவைத் திருத்தும் எண்ணில், 0.02 குறைக்கிறார். கணக்கு சரிதான். ஆனால் எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரியும். வரைபடத்தில் உள்ள அளவோ 20 டிகிரி செல்சியஸுக்கானது. ஜாப் 40 டிகிரியில் இருந்தால் அந்த 0.02 வெறும் சூடு, ஆறினால் போய்விடும். அவர் திருத்திய பிறகு வருகிற ஜாப்கள்தான் சிறுத்துப்போகும். பெரிதாக இருந்தால் மறுபடி கடையலாம், சிறுத்ததை என்ன செய்வது? மெஷின் சொன்னதைச் சொன்னபடி செய்தது, அவ்வளவுதான்.

இதை வகுப்பில் சொன்னால் மனதில் நிற்காது. ஒரே ஜாப்பைச் சூடாக ஒருமுறை, நன்றாக ஆறிய பிறகு ஒருமுறை அளக்கச் சொல்லி, இரண்டையும் அவர் கையாலேயே எழுத வையுங்கள். ‘ஏன் மாறியது?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் அவரிடமிருந்தே வரட்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவான பயிற்சித் திட்டம் ஒன்று, பின்னர் ஜப்பானுக்கும் போனது. அதன் முறை எளிது: தெரிந்ததைக் கேள், செய்துகாட்டு, செய்யச் சொல், அப்புறம் தனியே விட்டு அடிக்கடி வந்து பார். கற்பவர் கற்கவில்லையென்றால் சொல்லித்தந்தவர் சொல்லித்தரவில்லை என்றே அது எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

பல இடங்களில் இது நடக்காததற்குக் காரணம் ஒன்றுதான். மூத்த ஆபரேட்டரிடம் புதியவரை ஒப்படைக்கிறார்கள், ஆனால் ஒரு ஷிப்டில் அவர் முடிக்கவேண்டிய ஜாப்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. அவர் மெஷினைப் பார்ப்பாரா, பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாரா? நிர்வாகத்திடம் பேசும்போது இதை முதலில் கேளுங்கள்: சொல்லித்தருகிற நாட்களில் அவருக்கு எத்தனை ஜாப் குறைப்பார்கள்?